ராத்திரி மயக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்தே கிளம்புகிறது

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் குலசேகரம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு வயது 27. ரப்பர் பால்வெட்டுதான் வேலை. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆள் பாதியாக மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, கடைசியில் வாந்தியும் மூச்சுவாங்கலுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுகர் 486. டைப் ஒன்று என்று சொல்லி, ஆறு நாள் வைத்திருந்து, 30/70 இன்சுலின் காலையில் 20, ராத்திரி 12 என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். இப்போது சுகர் ஏறுவதல்ல, இறங்குவதுதான் எங்கள் பாடு. மூன்று தடவை ஆகிவிட்டது. ஒன்றுவிட்ட நாள் வெட்டு. வெட்டு நாளில் மூன்று மணிக்கு எழும்பி, ஊசி போட்டு, கட்டன் சாயா குடித்துவிட்டுப் போவார். வந்து சாப்பிட ஒன்பதரை ஆகும். முதல் தடவை தோட்டத்தில் வைத்தே கை நடுங்கி, கத்தி மரத்தில் ஆழமாக இறங்கி, தோட்டக்காரர் ஏசினார். இரண்டாம் தடவை ராத்திரி இரண்டு மணிக்கு. பாயெல்லாம் வியர்வையில் நனைந்து கிடக்க, கண் முழித்திருக்கிறார், பேச்சு இல்லை. கருப்பட்டிக் காப்பி போட்டு வாயில் ஊற்றினேன். புரையேறி இருமி, மெள்ளத் தெளிந்தார். அதுவும் ஒரு வெட்டு நாள் ராத்திரிதான். மூன்றாவது ஒரு கல்யாண வீட்டில், பந்திக்கு முன்னால். பயந்துபோய் நான்தான் நாலு நாளாக ராத்திரி ஊசி போட விடவில்லை. காலையில் பார்த்தால் 310. சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரை கொடுக்கலாமா என்று மாமியார் கேட்கிறார். ஒரு வைத்தியர், மூன்று மாதத்தில் ஊசியை நிறுத்திக் காட்டுகிறேன் என்கிறார். இவர் வெட்டுக்குப் போகலாமா? எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கும் இது வருமா?

பதில்: தங்கச்சி, ‘நாலு நாளாக ராத்திரி ஊசி இல்லை’ என்ற வரிக்கு வந்ததும் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் எழுதியிருந்த எண்ணில் கூப்பிட்டேன். நல்லவேளையாக வாந்தியோ வயிற்றுவலியோ இல்லை என்றீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், அளவைக் குறைத்து ராத்திரி ஊசியை மறுபடி தொடங்கிவிட்டார்கள் என்று கேட்டபிறகுதான் எனக்கு நிம்மதி. ஃபோனில் பேசியது அவசரத்துக்கு. இங்கே ஆற அமரச் சொல்கிறேன்.

முதலில் அந்த நாலு நாளைப் பற்றி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் புருஷன் கண்ணைத் திறந்துகொண்டு பேசாமல் கிடப்பதைப் பார்த்த எந்தப் பெண்ணும் மறுநாள் அந்த மருந்துக் குப்பியைத் தொடப் பயப்படுவாள். ஆனால் டைப் ஒன்றில் இன்சுலின் என்பது வெறும் மருந்து அல்ல, அவருடைய உடம்பில் இல்லாமல் போன ஒன்று. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அவருடைய நோய் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் அடித்து அழித்துவிட்டது. அவர் சீனி தின்றதாலோ கிழங்கு தின்றதாலோ வந்ததல்ல. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து அமிலத்தைச் சேர்க்கும். ஐந்து வாரம் முன்பு வாந்தியும் மூச்சுவாங்கலுமாகக் கொண்டுபோனீர்களே, அதேதான் திரும்ப வரும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில மாதங்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருடங்கள்தான் இருந்தார்கள். ஆகவே சுகர் இறங்குகிறது என்றால் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், இன்சுலின் வகையையே மாற்றலாம். அடியோடு நிறுத்துவது மட்டும் கிடையாது.

இனி மயக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வார்த்தை ‘ஒன்றுவிட்ட நாள் வெட்டு’. முதல் மயக்கம் வெட்டு நாளில். இரண்டாவது, வெட்டு நாள் ராத்திரியில். சுகர் எப்போது இறங்கியது என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

அவர் போடும் 30/70 என்பது இரண்டு இன்சுலின் சேர்ந்த கலவை. முப்பது பங்கு ரெகுலர். அது போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். எழுபது பங்கு என்.பி.எச். அது மெள்ள எழும்பி, ஏறக்குறைய நாலாம் மணியிலிருந்து பத்தாம் மணிவரை பலமாக இருக்கும். மூன்றரைக்கு ஊசி போட்டுவிட்டு ஒரு கட்டன் சாயாவோடு இறங்கினால், ஐந்தரைக்கும் ஏழரைக்கும் நடுவே முதல் பங்கு உச்சத்தில் நிற்கிறது. அது அடங்குவதற்குள் அடுத்த பங்கு எழும்புகிறது. சாப்பாடோ ஒன்பதரைக்கு. இடையில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து வெட்டும் வேலை. கை நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆஸ்பத்திரியில் ‘காலை ஊசி’ என்று எழுதினவர்கள் காலை எட்டு மணியை நினைத்து எழுதியிருப்பார்கள். பால்வெட்டுக்காரருக்குக் காலை மூன்று மணிக்கே விடிந்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த தடவை போகும்போது நீங்களே சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு எழும்புகிறார், எத்தனை மரம், எப்போது பால் எடுப்பு, எப்போது ஷீட் அடிப்பு, எப்போது வாயில் சோறு.

அந்த ஊசிக்கு இரண்டே வழிதான். மூன்றரைக்குப் போட்டால், போட்ட அரை மணிக்குள் உருப்படியாக ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். நாலு இட்லியோ, ஒரு குற்றிப் புட்டும் பயறுமோ எதுவானாலும் சரி. அந்த நேரத்தில் தொண்டையில் இறங்காது என்பாரானால், ஊசியின் நேரமும் அளவும் வெட்டு நாளுக்கென்று தனியாக மாற வேண்டும். எதைச் செய்வது, எத்தனை யூனிட் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடிதத்தைப் பார்த்து நான் யூனிட் சொல்வது தப்பு.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போட்ட கலவையின் பெரும்பங்கு நடுராத்திரியில்தான் பலமாக இருக்கும். அதோடு, உடலுழைப்பு முடிந்ததும் கணக்கு முடிந்துவிடாது. தசைகள் தங்களுக்குள் சேர்த்துவைத்திருந்த சர்க்கரையை வேலை நேரத்தில் செலவழித்துவிடும். பிறகு அந்தச் சேமிப்பை நிரப்ப, ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு இது 24 மணி நேரம்வரை நீளும். உங்களுக்கும் எனக்கும் சர்க்கரை இறங்கத் தொடங்கினால் கணையம் இன்சுலின் மடையைத் தானாக அடைத்துவிடும். தோலுக்கடியில் ஏற்றிய இன்சுலினை அடைக்க மடை இல்லை. வெட்டு நாள் மாலையில் அளவு நன்றாக இருந்தாலும் அன்றைய ராத்திரியை நம்ப முடியாது என்பது இதனால்தான். மழை பிடித்து நாலைந்து நாள் வெட்டு இல்லாமல் வீட்டில் இருந்தால், அதே ஊசிக்கு சுகர் ஏறி நிற்பதையும் பார்ப்பீர்கள். அதைக் கண்டு பதற வேண்டாம், எழுதி வையுங்கள். வீட்டு நாள்காட்டியில் வெட்டு நாளுக்கு ஒரு குறி போட்டு, பக்கத்தில் சுகர் அளவுகளை எழுதினால் பதினைந்து நாளில் உங்கள் கண்ணுக்கே கணக்கு பிடிபடும். மருத்துவர் அளவை மாற்ற அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மூன்றாவது, கல்யாண வீடு. இதற்கும் உழைப்புக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு போயிருப்பார். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி எப்போது போடுவார்கள் என்று கல்யாண வீட்டுக்காரருக்கே தெரியாது. ஊசி போட்டாயிற்று என்றால் பஸ் கிளம்பியாயிற்று, அது ஆளுக்காக நிற்காது. வெளியே சாப்பிடும் நாளில் ஊசியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், இலை போட்ட பிறகு போட்டுக்கொள்வது நல்லது. அரை மணி முந்திப் போடவில்லை என்பதால் சுகர் கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு காரணமும் இருக்கலாம். நோய் கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் ஓய்வு கிடைத்துத் தலைதூக்கும். சிலருக்கு ஊசியின் தேவை பாதியாகக்கூடக் குறைந்துபோகும். மருத்துவர்கள் இதற்கு ‘தேன்நிலவுக் காலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு ராத்திரி இரண்டு மணி மயக்கத்தைப் பற்றித் தெரியாது போல. ஆஸ்பத்திரியில் அவர் மோசமாகக் கிடந்தபோது தேவைப்பட்ட 20-ம் 12-ம் இப்போது அதிகமாக இருக்கலாம். அதனால்தான் முதல் ஆறு மாதம் மருத்துவரை அடிக்கடி பார்க்கச் சொல்கிறோம். இந்தக் காலம் சில மாதம் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட. பிறகு முடிந்துவிடும்.

உங்கள் வைத்தியர் சொல்லும் மூன்று மாதமும் சரியாக இந்தக் காலத்தில்தான் விழுகிறது. இந்த நேரத்தில் வேப்பிலைக் கஷாயம் கொடுத்தாலும் சரி, வெறும் வெந்நீர் கொடுத்தாலும் சரி, ஊசி குறைந்ததுபோலத்தான் தெரியும். பெருமை கஷாயத்துக்குப் போகும். நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி அல்ல. முதுகு பிடித்துக்கொண்டால் நானே வர்ம ஆசானிடம் போய்த் தடவிக்கொள்கிறவன். ஆனால் டைப் ஒன்றில் ஊசியை நிறுத்தச் சொல்கிறவர் யாரானாலும், என் வகுப்பில் படித்த டாக்டராகவே இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சுகர் இறங்கினால் என்ன செய்வது? 70-க்குக் கீழே வந்தாலே இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். 54-க்குக் கீழே என்றால் ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது. முதலில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, ஒரு வெப்ராளம், அதாவது காரணமில்லாத பதற்றம். அந்த நேரத்தில் பிடிக்காவிட்டால் மூளைக்குச் சர்க்கரை போதாமல், பேச்சு குளறும், காரணமில்லாமல் கோபம் வரும், சொன்னதையே சொல்வார், பிறகு மயக்கம், வலிப்பு. சுகர் பார்க்கும் மெஷின் பக்கத்தில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் சர்க்கரை, அப்புறம் மெஷின்.

அளவு இதுதான்: குளுக்கோஸ் பொடி 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் நிறைய, அரை டம்ளர் தண்ணீரில். பொடி இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சீனியைக் கலக்கிக் கொடுக்கலாம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு தடவை. இந்தப் பதினைந்து நிமிடம்தான் கஷ்டமானது. உடம்பு ‘இன்னும் தா, இன்னும் தா’ என்று கத்தும். அந்தக் கத்தலுக்கு அரைக் கிலோ அல்வா தின்றவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் சுகர் 350-க்கு ஏறி, அதற்கு ஊசியைக் கூட்டிப் போட்டு, திரும்ப இறங்கி, நாள் முழுக்க ஊஞ்சல்தான். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அளவு இன்னும் குறைவு, எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை நோயாளிக்குச் சீனி ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர், இப்போது மருமகள் மூன்று ஸ்பூன் சீனி கலக்குவதைப் பார்த்தால் மனசு கேட்குமா? அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: சுகர் இறங்கியிருக்கும்போது அந்தச் சீனிதான் மருந்து, கூடிப்போன ஊசிக்கு அதுதான் முறிவு. அவர் கையிலேயே டம்ளரைக் கொடுத்து ஒரு தடவை கலக்கச் சொல்லுங்கள். சமையலறையில் அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கருப்பட்டியும் சர்க்கரைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் கட்டியை உடைத்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற்றி, ஊதி ஊதிக் குடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடம் நம்மிடம் இல்லை. வேறு வழியில்லை என்றால் கருப்பட்டியைப் பொடித்து வாயில் போட்டு மெல்லச் சொல்லுங்கள். அக்கானி, அதாவது பதநீர், கிடைக்கும் காலத்தில் அதைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு டம்ளரில் எவ்வளவு சர்க்கரை என்பது பனைக்குப் பனை மாறும். மரச்சீனிக் கிழங்கு, நேந்திரம் பழம், முந்திரிக்கொத்து, பால், சாக்லேட் எல்லாம் மெள்ளத்தான் ரத்தத்துக்கு வரும். மாவும் நாரும் கொழுப்பும் வழியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் வேலை உண்டு, ஆனால் இரண்டாவதாக. 70-க்கு மேலே வந்தபிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல் ஆகும் என்றால், ஒரு மட்டிப்பழமோ ரெண்டு இட்லியோ கொடுத்தால் திரும்ப இறங்காது.

மட்டிப்பழம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். வெளியே மெஷினில் பார்த்துவிட்டு 268 என்று எழுதியிருந்தார்கள். ஆளைப் பார்த்தால் 268 மாதிரி இல்லை. விரலைப் பிடித்தேன், பிசுபிசுவென்று இருந்தது. வெளியே காத்திருந்தபோது மட்டிப்பழம் உரித்திருக்கிறார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினால் 61. விரலில் ஒட்டிய பழச்சாறு மெஷினை ஏமாற்றிவிட்டது. கழுவ வசதியில்லாவிட்டால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாம் சொட்டில் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்று ஸ்ட்ரிப்பைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

அந்த ராத்திரி நீங்கள் செய்ததில் ஒன்றே ஒன்றைத் திருத்த வேண்டும். பேச்சில்லாமல், விழுங்கத் தெரியாமல் கிடப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காப்பி நுரையீரலுக்குள் போயிருந்தால் கதை வேறு. சொன்னதைக் கேட்டு, டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க முடிந்தால் மட்டும் வாய் வழியாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, ‘இன்சுலின் போடுகிறவர், சுகர் இறங்கி மயக்கம்’ என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். குளுக்ககான் என்று ஓர் ஊசி உண்டு. அது கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளும். பெரியவர்களுக்கு ஒரு மில்லிகிராம், வீட்டில் இருப்பவர்களே போடலாம். எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, விலையும் கூடுதல். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, முடிந்தால் ஒன்று வாங்கி வைக்கப் பாருங்கள்.

வெட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். 27 வயதில் தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார இந்த நோய் காரணமே அல்ல. ஆனால் சில ஏற்பாடுகள் வேண்டும். பால்வெட்டுக்காரர்கள் பையை முதல் மரத்தில் மாட்டிவிட்டு வெட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். கை நடுங்குவது இருநூறாவது மரத்தில். பை தொங்குவது முதல் மரத்தில். நடுவில் இருட்டும் சரிவும். எனவே குளுக்கோஸ் பையில் இருக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். பொட்டலமாக வைத்தால் மழையில் கட்டிபிடிக்கும், எறும்பும் ஏறும். திருகு மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வேளைக்கு 15 கிராம் வீதம் இரண்டு வேளைக்கு வைத்து மடியில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கத்தி எங்கெங்கே போகிறதோ அந்த டப்பாவும் அங்கே போக வேண்டும்.

கிளம்பும் முன்னால், அந்த மூன்று மணிக்கு, ஒரு தடவை விரலில் குத்திப் பார்க்கட்டும். 100-க்குக் கீழே என்றால் சாப்பிடாமல் தோட்டத்தில் கால் வைக்க வேண்டாம். ஆறு மணி வாக்கில், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், உட்கார்ந்து ஏதாவது சாப்பிட வேண்டும். வெட்டு நாளில் ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது நல்லது. ஏறி இறங்கி உழைக்கும் காலில் போட்ட இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். அவர் வெட்டும் கோடு ஆழமாக இறங்கி மரத்தில் காயம் படுகிறது என்றால், ஏச்சு வாங்குவதற்கு முன்னால் சுகரைப் பாருங்கள். அவருடைய கை பழக்கப்பட்ட கை. சும்மா அது வழுக்காது.

பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை. தள்ளாடுகிற ஆளைப் பார்த்தால் நம் ஊரில் முதலில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்: ‘காலையிலேயே ஏத்திட்டான்.’ அப்படி நினைத்து ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சட்டைப் பையில், ‘எனக்கு டைப் ஒன்று சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். மயங்கிக் கிடந்தால் வாயில் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்’ என்று எழுதி, உங்கள் எண்ணையும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொடுங்கள். அவர் நிஜமாகவே குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால், கல்லீரல் சாராயத்தைச் சுத்தம் செய்வதிலேயே மூழ்கி, சுகர் இறங்கும்போது கைகொடுக்காது. வெட்டு நாள் ராத்திரியில் குடித்தால் மூன்றும் சேர்ந்துவிடும்: கலவை ஊசி, காலையில் பட்ட பாடு, சாராயம். பைக் ஓட்டும் முன்னாலும் சுகர் 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். வழியில் நடுங்கினால் ஓரம் கட்டி, குளுக்கோஸ் எடுத்து, அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். தெளிவு திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ராத்திரிக்கு: படுக்கும்போது ஒரு தடவை பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். புது அளவு பழகும்வரை வெட்டு நாள் ராத்திரியில் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ அலாரம் வைத்து ஒரு தடவை குத்திப் பாருங்கள். தூக்கத்தில் புலம்புவது, கெட்ட கனவு, காலையில் தலைவலி, தலையணை ஈரம் இவையெல்லாம் ராத்திரி இறங்கிப் போனதன் தடயங்கள். அடிக்கடி இப்படி இறங்கினால் இன்னொரு சங்கடமும் உண்டு: உடம்பு நடுக்கம், வியர்வை என்று மணி அடிப்பதையே நிறுத்திவிடும், ஆள் நேராக மயக்கத்துக்குப் போய்விடுவார். இரண்டு மூன்று வாரம் சுகர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த மணி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

சிரிஞ்சைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்காமல் விட மாட்டேன். குப்பியின் மேலே 40 ஐ.யு. என்று போட்டிருக்கிறதா, 100 ஐ.யு. என்றா? ஒரு மில்லி மருந்தில் எத்தனை யூனிட் இன்சுலின் என்பதுதான் அந்த எண். நம் நாட்டில் இரண்டும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50. இரண்டரை மடங்கு. மாறிப்போனால், 40 குப்பியில் ஆரஞ்சு மூடியைப் போட்டால், 20 என்று இழுத்தது 8 யூனிட்தான். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிற வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்றைக்கே குப்பியையும் சிரிஞ்சையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த தடவை மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தக் கலவை இவருக்குச் சரிதானா? காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மணியடித்தாற்போல் சாப்பிடுகிறவருக்குக் கலவை ஒத்துவரும். மூன்று மணிக்கு எழும்பி ஒன்றுவிட்ட நாள் வெட்டுகிறவருக்கு, சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஓர் ஊசியும், நாள் முழுக்க நிதானமாக நிற்கும் ஊசி தனியாகவும் போடுவது பொருந்தும். ஊசியின் எண்ணிக்கை கூடும், மயக்கம் குறையும். அது விலை என்றால், அரசு மருத்துவமனையில் கிடைக்கும் ரெகுலரையும் என்.பி.எச்.ஐயும் தனித்தனியாகப் போடலாம். ராத்திரி என்.பி.எச்.ஐச் சாப்பாட்டோடு போடாமல் படுக்கும்போது போட்டால் உச்சம் விடியற்காலத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் உங்கள் வீட்டில் விடியற்காலம் என்பது வெட்டு நேரம். அதையும் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும். குலசேகரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரம்தான். ஆனாலும் மாதம் ஒரு தடவை, வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து, போய்வருவது நல்லது.

குழந்தையைப் பற்றி. அப்பாவுக்கு டைப் ஒன்று இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு அளவில்தான். அவள் ஓயாமல் தண்ணீர் கேட்டால், பழக்கம் மாறிப் படுக்கையை நனைத்தால், மெலிந்தால், உங்கள் வீட்டு மெஷினிலேயே ஒரு சொட்டு பாருங்கள். மற்றபடி அவளை விளையாட விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த நாள்காட்டித் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், வெட்டு நாள் குறி தெரிகிற மாதிரி. குப்பியில் போட்டிருந்தது 40-ஆ 100-ஆ, சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.